அம்பிகா எந்த ஊர்?

பழவேற்காடு ஏரிக்கரையிலுள்ள புதுரேவில் ஒற்றுமை என்பது அபூர்வமான சரக்கு. சாமி ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போவது என்பதில் தொடங்கி, ஐஸ் பெட்டியை எந்த நிழலில் வைப்பது என்பது வரை ஆளுக்கொரு கட்சி கட்டுவார்கள். அப்பேர்ப்பட்ட ஊரின் ஆண்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் ஒரே வார்த்தையைச் சொல்லி, வரிசையில் நின்று கையெழுத்தும் போட்டார்கள் என்றால், அது ஒரே ஒரு முறைதான் நடந்தது. அம்பிகாவின் மகளுக்கு டாக்டர் படிப்பு கிடைக்காமல் செய்வதற்காக. தாங்கள் செய்வது அதுதான் என்று அவர்களுக்குத் தெரியாது.

அம்பிகாவின் மகள் பூவிழி நீட் தேர்வில் வாங்கிய மார்க்கைக் கேட்டுவிட்டு, பொன்னேரிப் பள்ளி டீச்சர், "இது உன் நம்பர்தானாடி?" என்று ஹால் டிக்கெட்டை வாங்கிச் சரிபார்த்தார். அவளுடைய நம்பர்தான். இந்த மார்க்குக்கு அரசுக் கல்லூரியிலேயே இடம் கிடைக்கும் என்று கன்னத்தைத் தட்டிய டீச்சர், சட்டென்று ஏதோ நினைவு வந்து, "நீ எட்டாவது வரைக்கும் எங்கே படிச்சே?" என்று கேட்டார்.

அங்கேதான் வந்தது வினை. ஆறு, ஏழு, எட்டு மூன்றையும் பூவிழி ஏரிக்கு அந்தப் பக்கம், ஆந்திராவில் படித்திருந்தாள். தமிழ்நாட்டு இடம் வேண்டுமென்றால் ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை இங்கேயே படித்திருக்க வேண்டும். இல்லையென்றால், இந்த மாநிலத்துப் பிள்ளைதான் என்று தாசில்தார் ஆபீசிலிருந்து நேட்டிவிட்டி சான்றிதழ் வாங்கிவர வேண்டும். சரி, அந்தப் பக்கமே கேட்டுப் பார்க்கலாம் என்றால், அவர்கள் கடைசி நாலு வருஷம் எங்கே படித்தாய் என்கிறார்கள். அது பொன்னேரி. ஆக, இங்கே கேட்டால் பூவிழி அந்தப் பக்கத்துப் பெண், அங்கே கேட்டால் இந்தப் பக்கத்துப் பெண். ஏரித் தண்ணீருக்கு இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. அது பாட்டுக்கு இரண்டு மாநிலத்திலும் கிடந்தது.

பிள்ளை அந்தப் பக்கம் போய்ப் படித்ததற்குக் காரணம் பாடு. ஏரியில் இறால் நன்றாகப் படுகிற இடங்கள் கொஞ்சம்தான், வலைகளோ அதிகம். அதனால் ஊர் கூடிச் சீட்டுக் குலுக்கி, இன்றைக்கு இன்னார், நாளைக்கு இன்னார் என்று முறை வைத்து வலை விடுவார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். ஊர்க்காரனுக்குத்தான் பாடு. பெண் கட்டிக்கொண்டு வந்து தங்கிவிட்ட மாப்பிள்ளைக்குக் கிடையாது. ஒரு வலை கூடினால் மற்றவர்களின் முறை ஒரு நாள் தள்ளிப்போகும். அந்த ஒரு நாளுக்காகப் புதுரேவுக்காரன் பெற்ற அப்பனையே வெளியூர்க்காரன் என்று சொல்லத் தயங்க மாட்டான்.

அம்பிகாவின் புருஷன் ஜெகதீஸ்வரன் ஆந்திரப் பக்கத்துத் தீவிலிருந்து வந்து தங்கிய மாப்பிள்ளை. பாடு கேட்டான். கிடையாது என்றார்கள். அப்படிச் சொன்னவர் ஊர்த் தலைவர் குப்பன், அம்பிகாவுடன் கூடப் பிறந்த அண்ணன். ஜெகதீஸ்வரன் ரோஷக்காரன். பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தன் ஊருக்கே போய்விட்டான். அங்கே, "இத்தனை வருஷம் எங்கே போயிருந்தே? உன் முறை எப்பவோ போச்சு" என்று கையை விரித்தார்கள். மூன்று வருஷம் முட்டி மோதிவிட்டுப் புதுரேவுக்கே திரும்பினான். ஏரியின் இரண்டு கரையிலும் பாடு இல்லாத ஒரே மீனவன் என்ற பெருமை அவனுக்கு மட்டும்தான் உண்டு.

இப்போது பழவேற்காட்டில் ஐஸ் உடைக்கிறான். ஓய்ந்த நேரத்தில் பாடு கேட்டு மீன்வளத் துறைக்கும் கலெக்டருக்கும் மனு எழுதுகிறான். அம்பிகா அங்கேயே மார்க்கெட்டில் உட்கார்ந்து மீன் விற்கிறாள். அண்ணனுக்கும் தங்கைக்கும் பேச்சுவார்த்தை நின்று வருஷங்கள் ஆகிவிட்டன. பூவிழி வயசுக்கு வந்தபோதுகூடத் தாய்மாமன் வாசல்படி மிதிக்கவில்லை. சீர்த் தட்டு மட்டும் அண்ணி தேவகியின் கையில் வந்து சேர்ந்தது.

நேட்டிவிட்டிக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்ததை அம்பிகா யாரிடமும் மூச்சு விடவில்லை. ஊர்க் கண் பொல்லாதது, அதிலும் இந்த ஊர்க் கண். "சீட் கைக்கு வர்ற வரைக்கும் ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது" என்று புருஷனிடமும் மகளிடமும் அம்மன் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டாள். இவ்வளவு சாமர்த்தியம் பண்ணியவள், விசாரிக்க ஆள் வரும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

வி.ஏ.ஓ. ஜெபசெல்வி அந்தப் பகுதிக்கு மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அவர் புதுரேவுக்கு வந்தபோது அம்பிகா மார்க்கெட்டில் இருந்தாள், ஜெகதீஸ்வரன் ஐஸ் கட்டியோடு போராடிக்கொண்டிருந்தான். ஆண்கள் அம்மன் கோயிலை ஒட்டிய கொட்டகையில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார்கள்.

"இங்கே ஜெகதீஸ்வரன்னு ஒருத்தர். அவர் குடும்பம் இந்த ஊர்தானா?" என்று கேட்டார் ஜெபசெல்வி.

கொட்டகையில் அத்தனை ஊசிகளும் நின்றன. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாவி, மனு எழுதி எழுதிக் கடைசியில் காரியத்தைச் சாதித்துவிட்டான்! பாடு கொடுக்கச் சொல்லி ஆபீசரே வந்துவிட்டார்!

"அவனா? ஆந்திராக்காரன் மேடம்," என்றார் குப்பன்.

"சுத்தமான ஆந்திரா," என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"அந்தக் குடும்பமே அங்கேர்ந்து வந்ததுதான். ஊட்டுக்குள்ள தெலுங்குதான் பேசிக்குவாங்க," என்றான் பிரதாப். அவன் அம்பிகாவின் சித்தப்பா மகன். சின்ன வயசில் அவள் இடுப்பிலேயே வளர்ந்தவன்.

"இதை எழுதித் தர முடியுமா?"

முடியுமாவா? கையெழுத்துப் போட வரிசை கட்டினார்கள். வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர்களை எழுப்பிக் கூட்டி வந்தார்கள். நடுவில் பேனா எழுதாமல் போனது, ஓடிப்போய்ப் புதுப் பேனா வாங்கி வந்தார்கள். ஜெபசெல்விக்குக் கலர் சோடா உடைத்துக் கொடுத்து, வண்டி வரைக்கும் கூடப் போய் வழியனுப்பினார்கள். இவ்வளவு ஒத்துழைப்பான கிராமத்தை அந்த அம்மாள் தன் சர்வீசிலேயே பார்த்ததில்லை.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்று பூவிழியின் போனுக்குச் செய்தி வந்தபோது, அம்பிகா ஒரு சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். மகள் மார்க்கெட்டுக்கே வந்து படித்துக் காட்டினாள். விசாரணையில் வெளிமாநிலத்தவர் எனத் தெரியவந்ததாம். மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

"அழுவாத கண்ணு. இந்த வருஷம் போனா அடுத்த வருஷம் எழுதிக்கலாம்," என்றாள் அம்பிகா, அழுதுகொண்டே.

பூவிழி அழவில்லை. "அடுத்த வருஷம் மட்டும் நான் எந்த ஊருன்னு மாறிடுமாம்மா?" என்று கேட்டாள்.

 அம்பிகா, மீன் வாங்க நின்றவளிடம் பாதி செதிலோடு சங்கராவைக் கொடுத்துவிட்டு, கூடையும் கத்தியுமாக ஜெபசெல்வியின் ஆபீசுக்கு ஓடினாள்.

"நான் என்னம்மா செய்யட்டும்? உங்க ஊரே திரண்டு எழுதிக் கொடுத்திருக்கு," என்று காகிதத்தை எடுத்துக் காட்டினார் ஜெபசெல்வி. முதல் கையெழுத்து அண்ணனுடையது. அடியில் கோடு இழுத்து, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளியும் வைத்து அழகாகப் போட்டிருந்தார்.

"அது சரி, நீங்க எந்த ஊர்?"

"இதே ஊருதான் மேடம். இங்கதான் பொறந்தேன்."

"அதை ஒருத்தர்கூடச் சொல்லலையே! நான் குடும்பம் எந்த ஊர்னு கேட்டேன், எல்லாரும் உங்க வீட்டுக்காரரைப் பத்தியே சொன்னாங்க. பெத்தவங்கள்ல ஒருத்தர் இந்த ஊர்னு இருந்தாலே போதும்மா. அவங்களே வந்து மாத்திச் சொல்லட்டும், நான் மறுபடி மேலே அனுப்பறேன்."

அம்பிகா நேராக அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றாள். மீன் கத்தி இன்னும் கையில்தான் இருந்தது. கீழே வைக்க மறந்துபோயிருந்தாள், ஆனால் அது பேச்சுக்கு உதவியாகவே இருந்தது. பேச்சு நின்றுபோனவர்கள் நேருக்கு நேர் பேசிக்கொள்ள முடியாது என்பதால், தேவகி தானாகவே நடுவில் வந்து நின்றாள்.

"அண்ணி, உன் புருஷனக் கேளு. எம் பொண்ணு அவருக்கு இன்னா பாவம் பண்ணா?"

"அவ பொண்ண நான் இன்னா பண்ணேன்? நீ கேளு தேவகி."

"டாக்டர் படிப்பு போச்சு அண்ணி. இவரு போட்ட கையெழுத்துல போச்சு."

குப்பன் எழுந்து நின்றுவிட்டார். "டாக்டரா? யாரு, நம்ம பூவிழியா?" என்று தேவகியைக் கேட்டார். தேவகி திரும்பி அதையே அம்பிகாவிடம் கேட்டாள்.

"மார்க் எவ்ளோன்னு கேளு."

"தெரிஞ்சிக்கினு இன்னா பண்ணப் போறாருன்னு கேளு."

"தாய்மாமன் கேக்கறான்னு சொல்லு."

"தாய்மாமன்தான் ஆந்திரான்னு எழுதிக் குடுத்தாருன்னு சொல்லு."

இங்கும் அங்கும் திரும்பித் திரும்பி தேவகிக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டது. அம்பிகா கடைசியில் மார்க்கைச் சொன்னாள். குப்பன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பாடு விஷயமாக வந்த ஆபீசர் என்று நினைத்துவிட்டோம் என்று தேவகியிடம் சொன்னார். இப்போதே வந்து மாற்றிச் சொல்கிறேன் என்ற வார்த்தை அவர் உதடு வரைக்கும் வந்ததை அம்பிகா பார்த்தாள். கூடப் பிறந்தவன் முகம் தெரியாதா? அதே உதடு, "ஊரக் கூட்டிக் கேக்கணும்னு சொல்லு" என்று முடித்தது. அம்பிகாவுக்கு வந்த ஆத்திரத்தில் கத்தியைக் கூடைக்குள் எறிந்துவிட்டு நடந்தாள். கையில் இருந்தால் ஆபத்து.

சாயங்காலம் கோயிலுக்கு முன்னால் கூட்டம் கூடியது. ஆண்கள் உட்கார்ந்தார்கள், பெண்கள் எட்ட நின்றார்கள். ஊருக்கு ஒரு டாக்டர் என்றதும் எல்லாருக்கும் சந்தோஷம்தான். ஒருவர் தன் முழங்கால் வலிக்கு இனிமேல் பழவேற்காடு போக வேண்டாம் என்று காலை நீட்டிக் காட்டினார். இன்னொருவர் பூவிழி படித்து முடிக்கும் வரை சுகருக்கு மாத்திரையே வேண்டாம், காத்திருக்கலாம் என்றார்.

அப்புறம்தான் பேச்சு விஷயத்துக்கு வந்தது. குடும்பம் இந்த ஊர் என்று எழுதிக் கொடுத்தால், சீட்டுக் குலுக்குகிற அன்றைக்கு ஜெகதீஸ்வரன் அந்தக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பானே?

"பொண்ணு மட்டும் நம்ம ஊரு, அவ நைனா ஆந்திரான்னு எழுதிடலாம்," என்றான் பிரதாப்.

"அது எப்பிடி? பொண்ணு வானத்துலேர்ந்து குதிச்சுதா? அம்மாக்காரிய இன்னான்னு எழுதுவ?"

"கட்டிக் குடுத்த பொம்பளைக்குப் புருஷன் ஊருதான் ஊரு."

"அப்ப அவளும் ஆந்திரா."

கூட்டம் தலையாட்டியது. அம்பிகா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆண்களுக்கு நடுவில் வந்து நின்றாள்.

"அப்பிடியா? நான் ஆந்திராவா? அப்ப ஆடி மாசம் அம்மனுக்கு மொதப் பானை வச்சது யாரு?"

 புதுரேவில் ஆடிப் பொங்கலுக்கு முதல் பானை வைப்பவள் அந்த ஊரிலேயே பிறந்த பெண்ணாக இருக்க வேண்டும். அவள் பானை பொங்கிய பிறகுதான் மற்ற அடுப்புகளில் தீ மூட்டலாம். கல்யாணம் ஆனதிலிருந்து அம்பிகாதான் வைத்துவருகிறாள். பேச்சு நின்ற பிறகும் அது நிற்கவில்லை. அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு தேங்காயை நீட்டுவார், தங்கை வேறு பக்கம் பார்த்தபடி வாங்கிக்கொள்வாள். ஆந்திராவில் இருந்த நாட்களில்கூடப் படகேறி வந்து பானை வைத்துவிட்டுத்தான் போனாள்.

"வெளியூர்க்காரி வச்ச பானையத்தான் அம்மன் இத்தினி வருஷமா சாப்ட்டுச்சா? நீங்கதானே சர்க்காருக்கு எழுதிக் குடுத்தீங்க? அதுவும் எங்க குந்திக்கினு? அம்மன் பக்கத்துலயே குந்திக்கினு!"

கூட்டம் கோயில் பக்கம் திரும்பிப் பார்த்தது. உடனே பார்வையைத் தாழ்த்திக்கொண்டது.

"அதான் இந்த வருஷம் எறா படல," என்றது ஒரு குரல்.

"என் படகு கவுந்ததுகூட அதனாலதான்," என்றது இன்னொன்று. அந்தப் படகு கையெழுத்துப் போடுவதற்கு ஆறு மாதம் முன்பே கவிழ்ந்தது. அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

பெரியவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். டாக்டர் படிப்புக்கு அசையாத ஊர், தெய்வக் குத்தம் என்றதும் ஆடிப்போனது. விடிந்ததும் போய் மாற்றிச் சொல்வது என்று முடிவானது. அம்பிகாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூடவே, தான் பிறந்த ஊரில் தான் யார் என்பதை அம்மனைக் காட்டிப் பயமுறுத்தித்தான் நிரூபிக்க வேண்டியிருக்கிறதே என்று நெஞ்சு கசந்தது.

காலையில் ஷேர் ஆட்டோக்களில் தொத்திக்கொண்டு ஊரே ஜெபசெல்வியின் ஆபீசில் போய் இறங்கியது.

"போன வாரம் ஆந்திரான்னு எழுதிக் கொடுத்தீங்க?"

"அது ஏரிக்கு மேடம். இது டாக்டருக்கு," என்றார் குப்பன்.

"அரசாங்கத்துக்கு எல்லாம் ஒரே ஊர்தாங்க. இந்தம்மா இங்கேதான் பிறந்தாங்களா?"

"ஏழு தலைமுறையா இங்கதான் பொறக்கறாங்க மேடம்!"

"அம்பிகாக்கா பொறந்தப்ப நான் பக்கத்துலயே இருந்தேன் மேடம்," என்றான் பிரதாப்.

ஜெபசெல்வி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "அக்கான்னு கூப்பிடறீங்க. நீங்க எப்படிப் பக்கத்துல இருந்தீங்க?"

"கேள்விப்பட்டேன் மேடம்," என்று பிரதாப் பின்னால் நகர்ந்தான்.

முன்பு சொன்னது தவறு என்று எழுதச் சொன்னார் ஜெபசெல்வி. "மறதின்னு போட்டுக்கலாமா மேடம்?" என்று குப்பன் கேட்டுப் பார்த்தார். தவறு என்றுதான் போட வேண்டும் என்றார் அவர். குப்பன் போட்டார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அம்பிகா, பூவிழி, ரெண்டு பேர மட்டும் எழுதுங்க. ஊட்டுக்காரரு பேரு வேணாம்," என்றார்.

ஜெகதீஸ்வரன் ஐஸ் ஈரம் காயாத லுங்கியோடு வாசலில் நின்றிருந்தான். இவன் இப்போது வாயைத் திறந்தால் குடி கெட்டது என்று அம்பிகா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். எத்தனை மனுக்கள்! ஒவ்வொன்றிலும் புதுரேவு நிரந்தரவாசி என்று எழுதி அடிக்கோடு போட்டவன் அவன்.

"உங்களுக்குச் சம்மதமா?" என்று ஜெபசெல்வி அவனையே கேட்டார்.

அவன் மகளைப் பார்த்தான். "நான் ஆந்திராக்காரன்தான் மேடம். எம் பொண்ணு தமிழ்நாடு. அப்பிடியே எழுதுங்க."

"நைனா," என்று பூவிழி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அதுவரை அழாதவள் அப்போதுதான் அழுதாள். அம்பிகாவுக்குத் தன் புருஷன் மேல் அந்த நிமிஷத்தில் வந்த பிரியம் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை. இந்த ஒரு வார்த்தையை அவன் வாயிலிருந்து வரவழைக்கத்தான் குப்பன் இத்தனை வருஷம் மல்லுக்கட்டினார். வந்த பிறகு அவர் முகம் செத்துப்போயிருந்தது. யாரையும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார், கோடும் இல்லை, புள்ளியும் இல்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சான்றிதழ் வந்தது. பூவிழி விண்ணப்பித்தாள். கலந்தாய்வில் தெற்கே ஒரு அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தது. சேதி வந்த அன்று தேவகி ஒரு பை நிறைய லட்டோடு வந்தாள். யார் கொடுத்தனுப்பியது என்று அம்பிகா கேட்கவில்லை, தேவகியும் சொல்லவில்லை.

அதோடு கதை முடிந்தது என்றுதான் ஊர் நினைத்தது. அடுத்த முறைப் பாடுகளுக்குச் சீட்டுக் குலுக்கும் நாள் வந்தது. ஜெகதீஸ்வரன் அந்தப் பக்கமே வராமல் ஐஸ் உடைக்கப் போய்விட்டான். எல்லாருக்கும் நிம்மதி. குப்பன் பெயர்களைப் படித்து ஒவ்வொரு சீட்டாக மடித்துக் குடத்தில் போட்டுக்கொண்டிருந்தார். அம்பிகா வந்து குடத்துக்கு முன்னால் நின்றாள்.

"எம் பேரு எங்க?"

"பொம்பளைக்கு ஏது பாடு?" என்று பிரதாப் சிரித்தான்.

"ஊருக்குத்தான் பாடுன்னு சொன்னது நீங்க. நான் ஊருதான்னு கையெழுத்துப் போட்டதும் நீங்க. எம் புருஷன் கேக்கல, நான் கேக்கறேன். நான் இந்த ஊரு இல்லன்னா, தோ, அம்மன் இருக்குது. அது மூஞ்சியப் பாத்து யாராவது சொல்லுங்க, போய்க்கினே இருக்கேன்."

ஆந்திராக்காரனைக் கெட்டியாக வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டோம் என்று இருந்தவர்கள், உள்ளே உட்கார்ந்திருப்பது யார் என்பதை அப்போதுதான் பார்த்தார்கள். பிரதாப்புக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. கோயில் பக்கம் திரும்பத் துணிந்தவர்கள் ஒருவருமில்லை.

குப்பன் தங்கையை நிமிர்ந்து பார்த்தார். ஒரு துண்டுக் காகிதத்தைக் கிழித்து, முழங்கால் மேல் வைத்து அவள் பெயரை எழுதினார். மடித்துக் குடத்தில் போட்டார். பிறகு எட்ட நின்ற பெண்கள் கூட்டத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"தேவகி, உன் நாத்தனாரக் கேளு. வலை வச்சிருக்காளா, இல்ல அதையும் நான்தான் குடுக்கணுமான்னு."

தேவகி அசையவில்லை. கழுத்தைத் தடவிக்கொண்டாள்.

"என்னால ஆவாது. நீயே கேளுய்யா," என்றாள்.

குப்பன் கேட்டார்.